நாகூர் கார்

பிள்ளைகள் வாந்தியெடுத்து மானத்தை வாங்கிவிடக் கூடாது என்பதே மஜீதின் கவலை. நாகூர் போய்வர முதலாளி தந்த கார் அது. சீட்டில் கறை பட்டால் டிரைவர் வேலைக்கே உலை.

தூக்கக் கலக்கத்திலேயே பிள்ளைகளைத் தூக்கிவந்து பின்சீட்டில் உட்கார வைத்தார். மனைவி மரியம் வெளியே எதுவும் தெரியாதபடி சுற்றிலும் கோஷாத் திரையை இழுத்துவிட்டாள். எஞ்சின் உறுமியது.

"ஜன்னத்து, எலுமிச்சம்பயத்த மோந்துகினே வா. ஒண்ணும் ஆவாது," என்று மகள் கையில் பழத்தைக் கொடுத்தார் மஜீது.

மஜீது ஆரனை அழுத்தி, ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். "செங்கல்பட்டு தாண்டிட்டோம்!"

"அதுக்குள்ளயா வாப்பா?" என்றான் பெரியவன் அக்பர்.

"உங்க வாப்பா ஓட்னா அப்டித்தான். தோ, திண்டிவனம்!"

"வாப்பா, வயித்தப் பிரட்டுது..." என்றாள் ஜன்னத்.

"பயத்த மோந்து பாரும்மா!"

மோந்தாள். மறுநொடி கொட்டித் தீர்த்தாள். சீட்டில் ஒரு சொட்டு இல்லை. அத்தனையும் மரியத்தின் புதுப் புடவையில்.

அப்போது வெளியிலிருந்து கதவைத் திறந்தார் ராயபுரம் மெக்கானிக் அப்பாவு. "இன்னா பாய், ஒத்திகை முடிஞ்சிதா? முட்டுக் கட்டைய எடுத்துட்டு நாலு சக்கரத்தயும் மாட்டிடட்டா?"

மரியம் இறங்கினாள். எலுமிச்சம்பழத்தைப் புருஷன் கையில் திணித்தாள்.

"நாளைக்கு நானும் புள்ளைங்களும் ரயில்ல வர்றோம். நீங்க இத மோந்துகினே கார்ல வாங்க."