ஈஸ்வரன் கேட்டுச் சாப்பிட்ட வீடு

"புள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு வையிங்கக்கா" என்றார் ஈஸ்வரன். அழைக்காத வீட்டுக்கு வந்து, வாய்விட்டுக் கேட்டுத் தனக்கும் ஒரு தட்டு வாங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாயிற்று. இதில் உபசாரம் வேறு.

கேரளத்தில் ஜனமைத்ரி பீட் போலீஸ், அதாவது ஊர் ஜனங்களோடு பழகுகிற ரோந்துப் போலீஸ், அவ்வப்போது வீடு வீடாக வந்து நலம் விசாரிப்பது வழக்கம்தான். அடுப்படி வரைக்கும் வருவது வழக்கமில்லை. ஆனால் வாசலில் பைக்கை நிறுத்தும்போதே பசி தாங்கவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிடலாமா என்று மனுஷன் கேட்டால் வீட்டுக்காரி முத்துப்பேச்சிதான் என்ன செய்வாள்? சோறு வெந்துகொண்டிருந்தது, இதோ வடித்துவிடுகிறேன் என்றாள்.

அவள் மருமகள் மோனிஷா தட்டைத் தள்ளி வைத்தாள். ஏழு மாத வயிறு. போன வாரம்தான் மயங்கி விழுந்து, ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அவுக வந்துரட்டும் அத்த. சேந்து சாப்பிடுறேன்."

"அவன் வரும்போது வரட்டும். நீ தின்னு" என்றாள் முத்துப்பேச்சி.

ஈஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை.

அந்த 'அவுக', முத்துப்பேச்சியின் ஒரே மகன் பூபதிராஜா. விடிகாலையில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு அவன் போன பிக்கப் வேன் பனிமூட்டத்தில் மலைவளைவில் உருண்டதில், இப்போது தாலுக்கா ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறான். அதைச் சொல்லத்தான் ஈஸ்வரன் வந்திருக்கிறார்.

போலீஸில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு உண்டு. மோப்ப நாய்க்கு ஒரு படை, வெடிகுண்டுக்கு ஒரு படை, விரல் ரேகைக்குத் தனி ஆபீஸ், பேங்க் மோசடிக்கு சைபர் செல். தமிழ் வீடுகளுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோக மட்டும் எந்தப் பிரிவும் கிடையாது. அந்த ஸ்டேஷனில் தமிழ் பேசத் தெரிந்தவர் ஈஸ்வரன் ஒருவர்தான் என்பதால் அது அவர் தலையில் விழுந்தது.

நாய்ப் படைக்காவது மாற்றிவிடுங்கள் என்று எஸ்.ஐ. ஜிபியிடம் போன மாதம்கூடக் கெஞ்சியிருந்தார். நாயிடம் யாரும் போய் உன் பிள்ளை செத்துவிட்டான் என்று சொல்ல வேண்டியதில்லையே. நீ போய்விட்டால் இந்த வேலையை யார் பார்ப்பது என்று கேட்டு ஜிபி அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. இன்குவெஸ்ட் விசாரணை, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் முடிந்து, உடல் வீட்டுக்கு வந்து, அதை எடுத்த பிறகுதான் ஒரு வாய் கஞ்சியைப் பற்றி யாராவது நினைப்பார்கள். அதற்கு நாளை சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை இந்த வயிற்றுப்பிள்ளைக்காரி தாங்கமாட்டாள். சாப்பாடு முதலில், செய்தி பிறகு. போலீஸ் கையேட்டில் இல்லாத இந்த விதியை ஈஸ்வரன் தானாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

"போனக் குடுங்க அத்த. ஒரு தடவ கூப்ட்டுப் பாத்துர்றேன்" என்றாள் மோனிஷா.

ஈஸ்வரனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடக்கிறது, கரண்ட் வரட்டும் என்று முத்துப்பேச்சி சொன்னாள். சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருந்த அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

ஈஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழியெல்லாம் அவருக்கு இருந்த பயமே அந்தப் போன்தான். இப்போதெல்லாம் போலீஸ்காரர் பைக்கை எடுப்பதற்குள் வாட்ஸ்அப் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. நல்லவேளையாக இது ஏலக்காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு. கரண்ட் போனதும் கடவுள் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார்.

முத்துப்பேச்சி பானையைச் சாய்த்து, அடியில் இருந்த சோற்றையும் வழித்து மருமகள் தட்டில் வைத்தாள். மிச்சமிருந்த கருவாட்டுத் துண்டுகளையும் வைத்தாள். மோனிஷா முனகிக்கொண்டே தின்றாள்.

"நீங்க உக்காரலையாக்கா?"

"எனக்கென்ன தம்பி அவசரம்."

மகன் வரட்டும் என்று காத்திருக்கிறாள், பாவம். ஒரு தாயை இப்படி உட்கார்த்தி வைத்து ஏமாற்றுகிறோமே என்று ஈஸ்வரனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் தட்டு காலியாகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

மோனிஷா கை கழுவி, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கண் சொருகுகிறது என்று உள்ளறைக்குப் போனாள். கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

ஈஸ்வரன் எழுந்தார். முதல் வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று வரும் வழியிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று தொடங்கி மெதுமெதுவாக இறங்க வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

முத்துப்பேச்சி ஏன் என்று கேட்கவில்லை. அவரை முந்திக்கொண்டு நடந்தாள். வாசலில் நிற்காமல், மருமகளுக்குச் சத்தம் கேட்காத தூரத்துக்கு, ஏலச்செடிகளுக்குள்ளே போனாள். அங்கே ஈரத்தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் குலுங்கியது.

ஈஸ்வரனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அக்கா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

அவள் துணியை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"காலையிலயே போன் வந்துருச்சு தம்பி. தெரிஞ்சுதான் உலை வச்சேன்."