சோம்பேறித் தண்ணீர்

குளியலறை வாளிக்குக் கவலை தாங்கவில்லை. மேலே மாட்டியிருந்த கீசர் அரை மணி நேரம் முக்கி முனகியும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது.

"அண்ணே, உங்களைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டப் போறாங்களாம். உள்ளே ஏதாவது கோளாறா?"

"எனக்கென்னடா கோளாறு? இந்த போர்த் தண்ணி சுத்த சோம்பேறி. சூடேறவே மாட்டேங்குது."

மறுநாள் மெக்கானிக் கீசரைத் திறந்தார். உள்ளே கம்பிச்சுருள் தெரியாத அளவுக்கு உப்பு அப்பியிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி வாளியில் கொட்டினார்.

"மாத்த வேண்டாங்க, இது இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றார்.

வாளியைக் கழுவிக் குழாயடியில் வைத்தார்கள். பத்தே நிமிடத்தில் ஆவி பறக்கக் கொட்டியது தண்ணீர். வாளி சந்தோஷத்தில் கைப்பிடி குலுங்கச் சிரித்தது.

"பார்த்தியாடா," என்றது கீசர் பெருமையாக, "ஒருவழியா தண்ணி திருந்திடுச்சு!"