ஆளுயர வேலி

“இந்தச் சைப்பிரஸ் வேலி மட்டும் ஆளுயரம் வளரட்டும். அப்புறம் ஒருத்தன் கண்ணும் நம்ம வாசல்ல விழாது” என்றார் அலோசியஸ்.

தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு நோர்வூட்டில் சொந்த வீட்டுக்கு வந்தவர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். வேலி வைக்கச் சொன்னது மனைவி மரியநாயகி.

எதிர்வீட்டு ஜூட்சன் தானாகவே வந்து குழி வெட்டினான். பக்கத்து வீட்டு ஜெமீலா வாளி நிறைய ஆட்டெரு கொண்டுவந்து கொட்டினாள்.

“அவங்க பார்வையத்தான் மறைக்கிறோம். அவங்களே வந்து ஒத்தாசை பண்றாங்க பாத்தியா? எல்லாம் என் மேல உள்ள மரியாதை” என்று மனைவியிடம் பூரித்துப்போனார் அலோசியஸ். பிறகு குரலை உயர்த்தினார். “ஜூட்சன், நேத்தும் பிந்தித்தானே வீட்டுக்கு வந்த? ஜெமீலா, உங்க வீட்டு அடுப்பு இன்னிக்கும் லேட்டாத்தான் பொகைஞ்சிச்சு!”

ஜூட்சன் மரியநாயகியின் பக்கம் திரும்பினான். “அக்கா, இது வளர எவ்வளவு நாளாகும்?”

“ரெண்டு வருஷமாவது ஆகும்.”

“அவ்வளவு நாளா? காலையில கதவைத் தொறந்தாலே, தோட்டத்துல வேலைக்கு முன்னால கங்காணி கிட்ட பெரட்டுல பேர் குடுக்க நிக்கிற மாதிரி இருக்குக்கா.”

அலோசியஸின் முகம் மாறியது. “அப்ப இந்த வேலி...?”

“உங்க கண்ணுக்குத்தாங்க” என்றாள் மரியநாயகி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. “இது வளர்ற வரைக்கும் நாற்காலியப் பின்பக்கம் போட்டிருக்கேன். அங்க தேயிலை மட்டுந்தான். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க, அது கோவிச்சுக்காது.”