கால் கணக்கு

மழைக்கு முன்னால் அரிசியெல்லாம் புற்றுக்குள் வந்து சேர வேண்டும். இருக்கிற பாதை போதுமா, இன்னொன்று வெட்ட வேண்டுமா என்று பார்த்துவர, ராணி எறும்பு, கட்டெறும்பு சுடலைமுத்துவை அனுப்பியது.

சுடலைமுத்து பாதையோரம் ஒரு கல்மேல் ஏறி உட்கார்ந்து, போகிற வருகிற கால்களையெல்லாம் எண்ணத் தொடங்கினார்.

"தலையை எண்ணினாப் போதாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நடக்கிறது காலா, தலையா?" என்று அதட்டினார்.

மத்தியானத்துக்குள் பாதையில் எறும்புகள் தேங்கி நின்றன. அப்போது ஒரு மரவட்டை வந்தது. சுடலைமுத்துவுக்குக் கிறுகிறுத்தது. "அடேயப்பா, இருநூறு கால்! ரெண்டாவது பாதை வெட்டியே ஆகணும்!"

"நான் ஒருத்திதாண்ணே," என்றது மரவட்டை. "அது கிடக்கட்டும். இவ்வளவு பேரும் ஏன் நகராம நிக்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

அதைத்தான் அவர் கேட்கவில்லை. அரிசியோடு நின்ற ஒரு சிற்றெறும்பிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க கல்மேல உக்காந்து என்னத்தையோ எண்ணுறீங்களே, அதை வேடிக்கை பாக்கத்தான் நிக்கிறோம்."

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறங்கி, தானும் ஓர் அரிசியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. முதல் தூறல் விழும்போது கடைசி அரிசியும் உள்ளே போயிருந்தது.

"இன்னொரு பாதை வேணுமா?" என்றது ராணி.

"இதுவே தாராளம் தாயே. எண்ணிப் பாக்க மட்டும் இனி யாரையும் அனுப்பிடாதீங்க!"