சோலைபாடியின் புதுப் பாட்டு

சோலோ நகரத் திடலில் பாட்டுப் பறவைப் போட்டி. பர்யோனோ தன் சோலைபாடியின் கூண்டைக் கம்பியில் மாட்டினான். மனைவி வகியெம் பின்னால் நின்றாள்.

"உள்ளங்கையளவு குருவிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு புலியை வளர்த்தாலாவது ஊரு பயப்படும்" என்று சீண்டினான் தேநீர் விற்பவன்.

"போடா! புலிக்கு உறுமத்தான் தெரியும். இது காதுல விழுந்ததை அப்படியே பாடும்" என்றான் பர்யோனோ.

சோலைபாடி முதலில் சீட்டியடித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, விக்கி விக்கி நின்று, மறுபடி மெல்ல இழுத்தது. திடலே அடங்கிப்போனது. நடுவர் முதல் பரிசுக் கொடியைக் கூண்டில் செருகினார்.

"இப்படியொரு பாட்டை நான் கேட்டதே இல்லப்பா. எந்தப் பறவைகிட்ட கத்துக்குச்சு?"

"வீட்ல வேற பறவையே இல்லைங்க. கூண்டு எப்பவும் சமையலறையிலதான் தொங்கும்."

வகியெம் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அடித்துவிட்டு வெளியே போனதும், அடுப்பருகே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழும் அழுகை அது.

பர்யோனோ பூரிப்போடு அவள் பக்கம் திரும்பினான்.

"கேட்டியா வகியெம்? எவ்வளவு அழகா இருக்கு!"