நிறுத்த அனுமதி இல்லை

தானாக ஓடும் கார்களுக்கு மட்டுமான தானியங்கிச் சாலையின் வேலிக்கு அப்பால், ஆளரவமற்ற பழைய சாலையில் பைக் கவிழ்ந்து ஒருவன் கிடப்பதைப் பரிமளம் காருக்குள்ளிருந்து பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெண் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்து!” என்றாள். இருபத்தாறு வருடம் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள்.

“இங்கே நிறுத்த அனுமதி இல்லை. அடுத்த வெளிவழி பதினெட்டு கிலோமீட்டர்” என்றது கார்.

“எனக்கு நெஞ்சு வலிக்குது” என்று பொய் சொல்லிப் பார்த்தாள். உடனே கார் இன்னும் வேகமெடுத்து, அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வழி போட்டது.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வேற என்ன பண்ண முடியும்?” என்றார் கணவர் தணிகாசலம்.

“ஸ்டியரிங் இல்லாத காருதான் நிம்மதின்னு வாங்கினீங்களே, இதுதானா அது?” என்று அவர்மேல் பாய்ந்தாள்.

பழைய சாலையில் ஓடாத அந்தக் காரை வெளிவழியில் விட்டுவிட்டு, இருவரும் ஆட்டோ பிடித்துத் திரும்பி வர முக்கால் மணி நேரமானது. ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அவன் தொடையில் ரத்தத்தில் ஊறிய ஒரு துப்பட்டா தளர்வாகச் சுற்றியிருந்தது. இறுக்கிக் கட்டத் தெரிந்த ஒரு கை இருந்திருந்தால் பிழைத்திருப்பான். பரிமளம் அவன் கழுத்தில் விரல் வைத்தாள். உடம்பில் சூடு இருந்தது, நாடி இல்லை.

அந்தப் பெண் வேலியைப் பார்த்துக் கத்தினாள். “எத்தனை கார் போச்சு! உள்ள மனுஷங்கதானே இருந்தாங்க? ஒருத்தர்கூட நிக்கலையே!”

“நானும் அதுல ஒரு கார்லதாம்மா போனேன்” என்றாள் பரிமளம்.

அந்தப் பெண் ஓங்கி அறைந்தாள். தணிகாசலம் பதறிக் குறுக்கே வந்தார்.

“தள்ளுங்க” என்றாள் பரிமளம். “அடிக்கட்டும்.”