தனி ஜெபம், ஒரு மணி நேரம்

“எதிர்ல ஆள் இல்லாம இந்த வாய் பேசாது பாஸ்டர். எங்க பரம்பரைலயே கெடையாது,” என்றான் ஜோஷ்வா, தேர்தல் வாக்குறுதி தரும் முகத்தோடு.

“டிவில மேட்ச் பாக்கசொல்ல அம்பயராண்ட கத்தறியே, அவரு இன்னா எதிர்லயா கீறாரு?” என்றாள் அவன் மனைவி பிரிசில்லா.

“அவரு கண்ணுக்குத் தெரியறாருல்ல.”

போதகர் சிரிக்கவில்லை. கையில் பெயர்ப் பட்டியலும் பென்சிலும் வைத்திருந்தார். ஊரப்பாக்கம் சபையின் தவக்காலத் தியான முகாம் அது. மாமல்லபுரம் கடற்கரையில் ஆளுக்கொரு மூலையாகப் போய், ஒரு மணி நேரம் கடவுளிடம் வாய்விட்டுப் பேச வேண்டும். முடித்தவர்களுக்கு ஒரு டிக்.

“சும்மாங்காட்டியும் போய் ஒக்காருப்பா,” என்றார்.

சாயங்காலக் கடலும் வானமும் ஒரே சாம்பல் நீலத்தில் கலந்து கிடந்தன. தூரத்துப் படகு ஒன்று தண்ணீரில் போகிறதா, வானத்தில் போகிறதா என்று தெரியவில்லை. கரை நெடுக முப்பது பேர் தனித்தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோஷ்வா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“பாத்தியா பூபாலா? ஆளும் இல்ல, பதிலும் இல்ல. பேசிகினே கீறாங்க. என் பொண்டாட்டியப் பாரு, கடலாண்ட பஞ்சாயத்து பண்ணுது.”

பூபாலன் ஒன்றும் சொல்லவில்லை. சபை கிரிக்கெட் டீமில் ஜோஷ்வாவோடு முதலில் இறங்கியவன் அவன்தான். ஒரு கிறிஸ்துமஸ் மேட்சில் பூபாலன் ரன் அவுட் ஆனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இன்றாவது பேசித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் ஜோஷ்வா முகாமுக்கே வந்திருந்தான்.

சுண்டல் கூடையோடு வந்த எல்லம்மாள் கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இன்னா தம்பி, அல்லாரும் போன் பேசிகினு கீறாங்க, காதுல ஒயரயே காணோம்?”

“அது ஒயர் இல்லாத கனெக்‌ஷன்மா. ரெண்டு பொட்டலம் குடு. ஒண்ணுல காரம் ஜாஸ்தி.”

“ரெண்டா?”

“ரெண்டு.”

காரமான பொட்டலத்தைப் பக்கத்தில் மணல்மேல் வைத்தான். அலை ஒன்று படகுவரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

“இன்னும் கோவமா மச்சான்?” அவன் குரல் தாழ்ந்தது. “சரி, சொல்லிடறேன். அன்னிக்கு ரன்னுக்கு வான்னு கூப்டது நான்தான். பாதில நின்னதும் நான்தான். நீயா ஓடுனேன்னு டீம் பூரா சொல்லி வெச்சேன். நீ வூட்டாண்ட வந்தப்பல்லாம் உள்ள இருந்துகினே இல்லன்னு சொல்லச் சொன்னேன். மன்னிச்சுடுடா.”

பதில் இல்லை. ஆனாலும் ஷூவுக்குள் நெடுநாள் உறுத்திய கல் ஒன்று எங்கோ உதிர்ந்ததுபோல் இருந்தது. அலைகள் மெல்ல மெல்ல வந்து போயின. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

விசில் சத்தம் கேட்டது. போதகர் பட்டியலோடு வந்தார்.

“ஜெபிச்சியாப்பா?”

“நமக்கு அது வராதுன்னு சொன்னேன்ல பாஸ்டர். சும்மா பூபாலன்கூடப் பேசிகினு இருந்தேன்.”

போதகர் பிரிக்காமல் கிடந்த சுண்டல் பொட்டலத்தைப் பார்த்தார். போன தவக்காலத்தில் பூபாலனை அடக்கம் செய்தவர் அவர்தான். ஜோஷ்வாவின் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார்.